டிராம் கேட்பவர்கள் முதலில் ஷெட் கேளுங்கள்

கொல்கத்தாவில் மைதானம்–எஸ்பிளனேடு தடத்தைத் தவிர மற்ற டிராம் தடங்களை நிறுத்தப்போவதாக மேற்கு வங்க அரசு 2024 செப்டம்பரில் சொன்னதிலிருந்து, வேலூர்க்காரர்கள் நடுவே ஓர் ஆசை அவ்வப்போது தலைகாட்டுகிறது. ரெண்டு பழைய பெட்டியைக் கொண்டுவந்து கோட்டையைச் சுற்றி ஓட விடலாமே, அப்புறம் காட்பாடி வரைக்கும் நீட்டலாமே என்று. ஆசை நல்ல ஆசைதான். சென்னையில் 1895இல் தொடங்கிய மின்சார டிராம் 1953இல் நின்றுபோனது. அதோடு தமிழ்நாட்டுக்கும் டிராமுக்கும் உறவு அறுந்தது. மறுபடி ஒட்டவைக்க ஒரு வாய்ப்பு வருமானால், அதை அரைகுறையாகக் கேட்டுக் கெடுத்துவிடக் கூடாது.

என் கட்சி இதுதான்: பெட்டியையும் பாதையையும் கேட்பதற்கு முன்னால் ஷெட்டைக் கேளுங்கள். பிட் லைன் (பெட்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கக் குழி வெட்டிய தண்டவாளம்), மேலே கிரேன், பக்கத்தில் லேத், காயில் கட்ட ஒரு மூலை. இது இல்லாத டிராம் பத்து வருஷம்கூடத் தாங்காது.

அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தின் கடலோரத் தடம் 1982இல் தொடங்கியது. ஓடியவை மெல்பர்னிலிருந்து வாங்கிய பழைய டபிள்யூ ரகப் பெட்டிகள். ஜனங்களுக்குப் பிடித்த வண்டி. 2005இல் அங்கே ஒரு சிற்பப் பூங்கா அமைப்பதற்காகப் பெட்டிகளைப் பராமரித்த கொட்டகையை இடித்தார்கள். அதே வருஷம் டிராம் நின்றது. மாற்று ஷெட் அமையவில்லை, வண்டியும் திரும்பி வரவில்லை. பெட்டியும் தண்டவாளமும் கம்பியும் அப்படியே இருக்க, ஒரு கொட்டகை போனதால் தடமே போயிற்று.

நேர்மாறான கதை நியூ ஆர்லியன்ஸில். அதே 2005இல் கத்ரீனா புயல் வெள்ளம். 2004இல்தான் கனால் தெருவில் டிராமை மீட்டெடுத்துப் புதிய சிவப்புப் பெட்டிகளை விட்டிருந்தார்கள். அவை தண்ணீரில் மூழ்கிப் பாழாயின. 1923–24இல் செய்த பச்சைப் பெட்டிகளோ மேட்டில் இருந்த பழைய ஷெட்டில் நின்றதால் தப்பித்தன. அவற்றின் சொந்தத் தடத்தில் கம்பிகள் அறுந்து கிடந்தன. ஆகவே 80 வயதுப் பெட்டிகளைக் கனால் தெருவுக்குக் கொண்டுவந்து ஓட்டினார்கள். 2021 நவம்பரில் பாலாறு எப்படி வந்தது என்று பார்த்தவர்கள் நாம். டிராமின் மோட்டார் அச்சிலேயே தொங்குவது. தண்டவாளத்துக்கும் அதன் அடிவயிற்றுக்கும் ஒரு சாண் இடைவெளி இருந்தாலே அதிகம். முழங்கால் தண்ணீர் போதும், மோட்டார் காலி. ஷெட் எந்த மேட்டில் என்பதை முடிவு செய்துவிட்டுத்தான் மற்றப் பேச்சு.

கோட்டையைச் சுற்றி என்பதை இப்போதே விட்டுவிடலாம். வேலூர்க் கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010இல் திருத்திய சட்டப்படி அதன் எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானம் கூடாது. அதற்கும் அப்பால் இன்னும் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கித்தான் எதையும் செய்யலாம். கம்பமும் கம்பியும் பள்ளமும் அங்கே நடக்காது, நடக்கவும் வேண்டாம். காட்பாடி சாலையிலும் அவசரப்பட வேண்டாம். கிரீன் சர்க்கிளும் சித்தூர் பஸ் ஸ்டாண்டும் காலை ஒன்பது மணிக்கு எப்படி இருக்கும் என்று ஊருக்கே தெரியும். ஒதுங்கிக்கொள்ளத் தெரியாத ஒரு வண்டியை அந்த நெரிசலில் விட்டால் ஒரே மாதத்தில் ஊர் அதை வெறுத்துவிடும். முதலில் தனி நிலத்தில் ஒரு கிலோமீட்டர் போதும்.

"விழுப்புரம் லைன் பக்கத்துலேயே இருக்கே, அதுல ஓட்டக் கூடாதா" என்று கேட்பவர்களுக்கு: கூடாது. காட்பாடியிலிருந்து கண்ணமங்கலம், போளூர், திருவண்ணாமலை வழியாகப் போகும் அந்தப் பாதை மீட்டர் கேஜாக இருந்து அகலப்பாதையாக மாறியது, 1676 மில்லிமீட்டர். கொல்கத்தா டிராம் 1435. வித்தியாசம் 241. ஒவ்வொரு சக்கரத்தையும் 120 மில்லிமீட்டர் வெளியே தள்ளினால் போகியின், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அடிவண்டியின், சட்டத்தில் போய் இடிக்கும். அப்படியே அகலத்தைச் சரி செய்தாலும் டிராம் சக்கரம் ஒல்லி, அதன் விளிம்பும் குட்டை. ரயில் பாதையில் தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்து இடைவெளியில் அந்தச் சக்கரம் இறங்கிவிடும். சாலைக்குள் பதிக்கும் டிராம் தண்டவாளத்தின் பள்ளம் 40 மில்லிமீட்டரை ஒட்டித்தான், அந்தச் சக்கரம் அதற்காகச் செய்தது. இரண்டும் வேறு வேறு சாதி.

இனி பெட்டி. மரச்சட்டப் பெட்டி வந்து சேர்ந்தால் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது. முதல் வேலை நூல் பிடித்துப் பார்ப்பது. இரண்டு போகிகளுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகள் வயதாக ஆகத் தொங்கும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நூல் கட்டி, ஒவ்வொரு மீட்டருக்கும் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று எழுதி வையுங்கள். அடியில் இழுகம்பி இருந்தால் அதன் திருகை ஒரே நாளில் முறுக்கக் கூடாது. ஒரு சுற்று, ஒரு வாரம், மறுபடி நூல். அவசரப்பட்டால் ஜன்னல் சட்டங்கள் பிளக்கும். ஜாக்கி வைப்பது போகி மேல் உட்காரும் குறுக்குவிட்டத்தில்தான். பக்கச் சட்டத்தில் வைத்துத் தூக்கினால் உடல் முறுக்கிக்கொள்ளும், பிறகு ஒரு கதவும் சாத்தாது.

மழை உள்ளே வருவது கூரை வழியாக. பழைய கூரை என்பது பலகை மேல் பெயின்ட் குழைத்துப் பரப்பி, அதன்மேல் இழுத்து ஒட்டிய கேன்வாஸ், அதன்மேல் மூன்று நான்கு கோட்டு பெயின்ட். வேலூர் மே மாத வெயிலில் பெயின்ட் வெடிக்கும், ஐப்பசி மழையில் அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும், பலகை நடுவில் ஊறும். கீழே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. குண்டூசி வைத்துக் குத்திப் பார்க்க வேண்டும். ஜன்னல் கண்ணாடி இறங்கும் பொந்துகளுக்கு அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். பலமுறை பெயின்ட் அடித்து அதை அடைத்திருப்பார்கள். அடைந்த இடத்தில் சட்டத்தின் அடி மரம் தேக்காகவே இருந்தாலும் உளுத்திருக்கும். உளுத்ததை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அதே ரக மரத்தில் சாய்வுவெட்டு ஒட்டுப் போட வேண்டும். நம் ஊரில் அதிகம் நடக்கும் தவறு, மேலே ஃபைபர் ஷீட் போட்டு மூடிவிடுவது. பளபளவென்று இருக்கும், உள்ளே ஈரம் மாட்டிக்கொண்டு மூன்று மழைக்காலத்தில் எலும்புக்கூடே உதிரும். அதற்குப் பெட்டியைத் தொடாமல் கூரைக்கடியில் நிறுத்திவைப்பதே மேல்.

தகடும் தகடும் ரிவெட்டால் சேர்ந்த இடங்களில் துரு உப்பிக்கொண்டு தகட்டைப் பிளக்கும். மேலே சுரண்டிப் பயனில்லை. ரிவெட்டை எடுத்து, பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி சூடான ரிவெட் அடிக்க வேண்டும். அந்தத் தகடு வேலைக்கு ராணிப்பேட்டைப் பட்டறைகளில் கைகள் இருக்கின்றன. நின்று பயணிப்போர் பிடித்துக்கொள்ளும் தோல்வாருக்கு ஆம்பூரை விட்டால் வேறு ஊர் தேட வேண்டாம். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. பழைய பெயின்டில் ஈயம் இருக்கும், ஓட்டுநர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் பெட்டிக்குள் தீப்பொறி தடுக்கும் தகடுகள் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். மூடிய முகக்கவசம் இல்லாமல், தண்ணீர் தெளிக்காமல் சுரண்டவே கூடாது.

மோட்டார் விஷயத்தில் வட ஆற்காட்டுக்கு ஒரு பலம் உண்டு. விவசாயக் கிணற்று மோட்டார் எரிந்து எரிந்து, காயில் கட்டுபவர் இல்லாத டவுனே இங்கே கிடையாது. ஆனால் டிராம் மோட்டார் 550, 600 வோல்ட் டிசி. சுழலும் ஆர்மேச்சரும், அதற்குக் கரண்ட் ஊட்டும் செம்புப் பட்டை உருளையான கம்யூட்டேட்டரும் உள்ளது. ஸ்விட்சைப் போடும் முன் மெகர் என்னும் மின்காப்பு அளக்கும் கருவியை வைத்துப் பாருங்கள்: 600 வோல்ட் மோட்டாருக்குக் குறைந்தது 1.6 மெகாஓம் வேண்டும். இல்லையென்றால் அது எரிந்த மோட்டார் என்று அர்த்தமில்லை, ஈரம் குடித்த மோட்டாராக இருக்கலாம். 100 டிகிரியை ஒட்டிய சூட்டில் நாள்கணக்கில் உலர்த்தினால் அளவு முதலில் இறங்கி, பிறகு ஏறும். இறங்குவதைப் பார்த்துப் பயந்து பிரித்துவிடக் கூடாது. கம்யூட்டேட்டரை லேத்தில் கடைந்த பிறகு செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள மைக்காவை ஒரு மில்லிமீட்டர் ஆழம் அறுத்துத் தாழ்த்த வேண்டும். இதை மறந்தால் செம்பு தேயும், மைக்கா துருத்தும், கார்பன் பிரஷ் துள்ளும், பொறி பறக்கும். புதிதாகக் கட்டிய மோட்டார் ஒரே மாதத்தில் கருகுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அச்சின் மேல் மோட்டார் உட்காரும் பேரிங், வைட் மெட்டல் என்னும் மென்மையான கலப்பு உலோக வார்ப்பு. அதற்கு எண்ணெய் ஊட்டுவது கம்பளி நூல்கழிவு. கிடைக்கிறதே என்று பனியன் வேஸ்ட்டைத் திணிக்காதீர்கள். பஞ்சு எண்ணெயில் ஊறிப் படிந்துவிடும், அச்சைத் தொடாது. கம்பளிக்குத்தான் நிமிர்ந்து நிற்கும் குணம். சக்கரத்தின் இரும்பு வளையத்தைச் சுமார் 250 டிகிரிக்குச் சூடேற்றி மாட்டுவார்கள். விட்டத்தில் ஒரு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் இறுக்கம். பிரேக் பிடித்துப் பிடித்து வளையம் சூடேறித் தளர்ந்தால் சக்கரத்துக்குள் அது நழுவும். அதைக் கண்டுபிடிக்க, வளையத்திலும் சக்கரத்திலும் சேர்ந்தாற்போல் ஒரு பெயின்ட் கோடு போட்டுத் தினமும் பாருங்கள். கோடு விலகினால் வண்டி ஷெட்டை விட்டு வெளியே போகக் கூடாது. மண்பெட்டிக்குச் சலித்து, வறுத்து ஆறவைத்த மணல். ஈர மணல் குழாயில் அடைத்துக்கொண்டால் மழையில் சக்கரம் வழுக்கும்போது கைகொடுக்காது.

பழைய கன்ட்ரோலரைக் கொல்வது பெரும்பாலும் ஓட்டுநரின் நல்ல மனசுதான். மெதுவாகப் போகிறேன் என்று நடு நாட்ச்சுகளில் (கைப்பிடி நகரும் படிகள்) கைப்பிடியை நிறுத்திக்கொண்டே ஓட்டினால் அத்தனை கரண்டும் ரெசிஸ்டன்ஸ் கட்டங்களில் சூடாகி, கீழே தரை கருகும். நிலையாக ஓட்ட இரண்டே இடம்: மோட்டார்கள் தொடரிணைப்பில் முழுதாகச் சேர்ந்த நாட்ச், பக்க இணைப்பில் முழுதாகச் சேர்ந்த நாட்ச். மற்றவை படிக்கட்டு, ஏறிக் கடக்க மட்டும்.

இங்கே பலர் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் ஒன்று இருக்கிறது. பெட்டி எவ்வளவு புதிதோ அவ்வளவு சுலபம் என்று நினைக்கிறார்கள். சான்பிரான்சிஸ்கோவில் 1912ஆம் ஆண்டின் ஒன்றாம் எண் பெட்டி இன்னும் ஓடும் நிலையில் இருக்கிறது. அதே ஊரில் ஹெலிகாப்டர் செய்யும் போயிங் வெர்டால் நிறுவனம் 1970களில் செய்துகொடுத்த நவீனப் பெட்டிகள் 2001க்குள் ஓய்வு பெற்றன. ஓரிரண்டு மட்டும் அருங்காட்சியகங்களுக்குப் போயின. 1912 பெட்டியில் செம்பு, இரும்பு, மரம். எந்தப் பட்டறையும் செய்து தரும். 1970களின் பெட்டியில் மின்னணு அட்டைகள். கெபாசிட்டர் வறண்டால், அட்டை போனால், அதே அட்டை உலகில் கிடையாது. அதற்காக அந்தத் தலைமுறைப் பெட்டிகளை எடைக்குப் போடச் சொல்லவில்லை, அதுவும் வரலாறுதான். அதைக் காப்பாற்ற நினைத்தால் ஓடுகிற ஒன்றுக்கு உதிரிக்காக இரண்டு வேண்டும். வரைபடங்களையும் சோதனைக் கருவியையும் ஓய்வு கொடுக்கும் நாளிலேயே வாங்கிவிட வேண்டும். ஒரு வருஷம் கழித்துப் போனால் காகிதம் காயலான் கடைக்குப் போயிருக்கும்.

லிஸ்பனில் 1990களில் பழைய உடலை வைத்துக்கொண்டு அடியில் சக்கர அடிச்சட்டம், மோட்டார் எல்லாம் புதிதாக மாற்றினார்கள். தினசரி ஓட்டத்துக்கு அது நேர்மையான வழி. ஆனால் ஒரு பெட்டியையாவது ஓர் ஆணிகூட மாற்றாமல் மூலப்படியாக வைக்க வேண்டும். நாளைக்குச் சந்தேகம் வந்தால் போய்ப் பார்க்க அதுதான் சாட்சி.

நீட்டிப்பைப் பற்றிப் பேசுபவர்கள் தண்டவாளத்தை மட்டும் எண்ணுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 கிலோமீட்டர் தடம், சராசரி வேகம் மணிக்கு 12. போக 15 நிமிஷம், வர 15, இரு முனையிலும் ஐந்தைந்து: 40 நிமிஷம். இருபது நிமிஷத்துக்கு ஒரு வண்டி என்றால் இரண்டு பெட்டி ஓட வேண்டும், ஒன்று காத்திருப்பில், ஒன்று பிரித்துப்போட்ட நிலையில். ஆக நான்கு. தடத்தை 6 கிலோமீட்டர் ஆக்கினால் ஒரு சுற்று 70 நிமிஷம். நான்கு ஓட வேண்டும், காத்திருக்கவும் பழுதுபார்க்கவும் இரண்டு. ஆறு பெட்டி, ஆறு பெட்டிக்கு ஷெட். கையில் நான்கை வைத்துக்கொண்டு பாதையை நீட்டினால் முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி வரும். அதற்கு யார் காத்திருப்பார்கள்?

மேல் கம்பி செம்பு. 30 டிகிரி சூடு ஏறினால் ஒரு கிலோமீட்டர் கம்பி அரை மீட்டர் நீளும். மார்கழியில் இழுத்துக் கட்டியதை அப்படியே விட்டால் சித்திரையில் தொய்ந்து, டிராமின் கூரையிலிருந்து கம்பியைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும் கழி நழுவும். கரண்ட் திரும்புவது தண்டவாளம் வழியாக. இணைப்புக்கு இணைப்பு செம்புப் பட்டை ஒழுங்காக இல்லையென்றால் அது மண்ணில் இறங்கி, பக்கத்தில் இருக்கும் குடிநீர்க் குழாய் வழியாகப் போய், குழாயை அரித்துவிடும். மாநகராட்சியோடு தகராறு வரும் முன்னால், குழாய் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு தடம் குறியுங்கள்.

கொல்கத்தாவிலிருந்து பெட்டி கிடைப்பதாகவே வைத்துக்கொள்வோம். லாரி ஏற்றும் முன் நான்கு வேலை. ஒவ்வொரு வயரிலும் எண் எழுதிய உலோகத் துண்டைக் கட்டிப் படம் எடுப்பது. காகித ஸ்டிக்கர் வழியிலேயே உதிரும். சக்கர விட்டம், இரு சக்கரங்களின் உட்பக்க இடைவெளி, விளிம்பின் தடிமன் ஆகியவற்றை அளந்து எழுதுவது. கூரையில் உள்ள கழியையும் அதன் அடிக்கட்டையையும் கழற்றிப் பெட்டிக்குள் கட்டுவது. உடல் ஒரு லோபெட்டில் (தட்டு தாழ்ந்த டிரெய்லர்), போகிகள் இன்னொரு லாரியில். போகியோடு சேர்த்து ஏற்றினால் உயரம் கூடி, வழியில் ஏதாவது ஒரு பாலத்தடியில் மாட்டும். வந்து இறங்குகிற அன்றைக்கு இங்கே பிட் லைனும் கூரையும் தயாராக இருக்க வேண்டும். ஒரு மழைகூட அதன்மேல் விழக் கூடாது.