192 எண்டது கிலோமீற்றர் இல்லை ராசா

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்தில இருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் எண்டு போட்ட அந்தப் படம் இன்னும் வன்னிக் குழுக்களுக்குள்ள சுத்துது. "பலாலி – சென்னை 192 கிலோமீற்றர், 23 நிமிசம்." கீழ ஒரே கைதட்டு.

192 சரியான இலக்கம்தான். ஆனா அது கடல்மைல். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கோ, 355 வரும். விமானக்காரருக்குத் தூரம் கடல்மைல், வேகம் நொட், அதாவது மணிக்கு எத்தினை கடல்மைல் எண்டது. அதைக் கிலோமீற்றரா வாசிச்சு, இந்த வழியில பறக்கிற ஏ.ரி.ஆர் 72 எண்ட காத்தாடி விமானம் மணிக்கு ஓடுற 500 கிலோமீற்றரால பிரிச்சா 23 வராம என்ன வரும்?

"அப்ப 43 நிமிசம்" எண்டு ஒரு தம்பி திருத்தியிருந்தார். நன்றி, அதுவும் பிழை. 500 எண்டது மேல போய் நேரா ஓடேக்க மட்டும். ஏறேக்க 300 சொச்சம்தான். இறங்கேக்க வேகத்தைக் குறைக்கோணும், காத்துப் பாத்து ஓடுபாதைக்குச் சுத்தி வரோணும், சென்னையில வரிசை வேற. கார்த்திகை, மார்கழியில வடகிழக்குக் காத்து எதிர்ல நிக்கும். ரிக்கற்றில போடுற நேரம், இங்க நிண்ட இடத்தில இருந்து வெளிக்கிட்டு அங்க போய் நிக்கும் வரைக்கும். அதால மணித்தியாலத்துக்கு மேலதான் போடுவாங்கள். ரெண்டு நாட்டுக்கும் மணிக்கூடு ஒண்டு. ரிக்கற்றில இருக்கிற ரெண்டு நேரத்தையும் கழிக்கக் கணக்கு வாத்தியார் வேணுமோ?

திருச்சி 184 கிலோமீற்றர், சென்னையின்ர அரைவாசி. நேரமும் அரைவாசி எண்டு அடுத்த படம் போட்டிடாதேங்கோ. ஏத்தமும் இறக்கமும் ரெண்டுக்கும் ஒண்டுதான், நடுத்துண்டு மட்டும்தான் குறையுது.

"சின்னப் பிழைக்கு ஏன் இந்தத் துள்ளல்?" எண்டு கேப்பியள். 23 நிமிசம் எண்டு நம்பின சனம் சென்னையில அடுத்த விமானத்தையோ ரயிலையோ ஒட்ட ஒட்டப் பதியும். வேற வேற ரிக்கற் எண்டா முதலாவது பிந்தினதுக்கு ரெண்டாவதுகாரன் பொறுப்பில்லை. காசு போச்சு.

"பலாலியை மட்டம் தட்டுறியள்." இல்லையப்பா! 2019 ஒக்ரோபரில திறந்து, கொரோனாவோட நிண்டு, 2022 மார்கழியில திரும்ப ஓடத் தொடங்கின இடம். அது நல்லா ஓடோணும். ஆனா வானத்துத் தூரத்தை மட்டும் அளந்து குதிக்கிறவைக்கு வன்னி றோட்டுக் கண்ணில படாது. முல்லைத்தீவில இருந்து பரந்தன், ஆனையிறவு, யாழ்ப்பாணம் தாண்டிப் பலாலி 130 கிலோமீற்றருக்குக் கிட்ட. பஸ் மாறோணும். பொதி குடுக்கிற கவுண்டர் பறப்புக்கு ஒரு மணித்தியாலம் இருக்கவே மூடுப்படும், அதால ரெண்டு மூண்டு மணித்தியாலம் முந்தி நிக்கோணும். வவுனியாவிலயும் இரணைமடுவிலயும் ஓடுபாதை கிடக்குதுதான், விமானப்படைக்கு. எங்களுக்கு ஏ9 றோட்டு.

"கிமீ"யை அழிச்சுக் "கடல்மைல்" எண்டு எழுதிப்போட்டு, பக்கத்தில "புதுக்குடியிருப்பில இருந்து" எண்டும் ஒரு நேரம் போட்டு விடுங்கோவன். அதுக்குக் கைதட்டு விழாது எண்டு தெரியும்.