மைக் பிடிப்பவருக்கு விதி தெரிந்திருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை உதைபந்தாட்ட இறுதிப்போட்டியில் நடந்ததை மைதானத்தில் இருந்த எல்லோரும் பார்த்தீர்கள். கோல் கீப்பர், கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பெட்டிக்குள் நின்ற தன் ஆளுக்கே கோல் கிக்கைத் தட்டிவிட்டார். உடனே ஒலிபெருக்கியில் எங்கள் வர்ணனையாளர் ஐயாவிடமிருந்து, "பந்து கோட்டைத் தாண்டவில்லை, திரும்ப எடுக்க வேண்டும், நடுவர் கவனிக்கவில்லை" என்று சத்தம். சனம் கூவத் தொடங்கியது. கோல் கிக் பெட்டியை விட்டு வெளியே போகத் தேவையில்லை என்று 2019இலேயே விதி மாறிவிட்டது. அதற்குப் பிறகு எத்தனை போட்டிக்கு வர்ணனை சொல்லிவிட்டார் அவர்!

இரண்டாம் பாதி இன்னும் மோசம். கோட்டோரமிருந்து கையால் எறியும் த்ரோவில் நேராக வந்த பந்தை வாங்கி அடித்த கோலுக்கு "ஓஃப்சைட், ஓஃப்சைட்" என்று, அதாவது எதிரணியின் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கியது பிழை என்று கத்தினார். த்ரோவை நேராக வாங்கினால் ஓஃப்சைட் கிடையாது. இது புது விதிகூட இல்லை, நாங்கள் பள்ளிக்கூடத்தில் ஆடிய காலத்திலேயே இருந்தது. கொடியோடு கோட்டோரம் நின்ற பெடியனின் முதுகில் தண்ணீர்ப் போத்தல் வந்து விழுந்தது. சரியாகத் தீர்ப்புச் சொன்னதற்கு அடி வாங்கினான். மைக்கில் ஒரு மன்னிப்பு வரவில்லை.

நேற்று இதை இரண்டு வரி எழுதியதற்கு, பெரியவரை அவமதிக்கிறேனாம். ஏகாம்பரம் மைதானத்தில் அப்பாவின் சைக்கிள் கரியரில் ஏறி நின்று பந்து பார்த்த வயதில், எனக்கு ஆட்டத்தைப் புரியவைத்ததே அந்தக் குரல்தான். சின்னவர்கள் போட்டி ஒன்றில் என் பெயரை அவர் சொன்னார். வீடு வந்து சேரும்வரை அது காதிலேயே இருந்தது. அவரை அவமதிக்க எனக்கு எப்படி மனம் வரும்?

வயதைப் பிழை சொல்கிறேன் என்கிறீர்கள். கிரிக்கெட் வர்ணனையாளர் டோனி கிரெய்க் அறுபது தாண்டியும் பேசினார், நாங்கள் ஆசையாகக் கேட்டோம். 58 டெஸ்ட் ஆடி, இங்கிலாந்துக்குக் கப்டனாக இருந்தவர், தெரிந்ததைப் பேசினார். காசு வாங்காமல் செய்கிறார் என்கிறீர்கள். உண்மை, ஒரு சதம் வாங்கியதில்லை. அதற்காக அந்தப் பெடியன் போத்தலடி வாங்க வேண்டுமா?

அன்று ஐயாவுக்குப் பக்கத்தில் என் மருமகள் இருந்தாள். பள்ளி அணியில் ஆடியவள், நடுவர் பரீட்சையும் பாஸ் பண்ணியவள். இரண்டு அணியின் பெயர்களையும் ஜேர்சி இலக்கங்களையும் ஒரு கொப்பியில் எழுதி, மாற்று வீரர்களைச் சிவப்புப் பேனையால் பிரித்து வைத்திருந்தாள். அவளுக்குக் கிடைத்த வேலை, அனுசரணையாளர்களின் பெயர்களை வாசிப்பதும், மோட்டார் சைக்கிள் திறப்பு தொலைந்தவரைக் கூப்பிடுவதும். "ஐயா, அது ஓஃப்சைட் இல்லை" என்று மெல்லச் சொல்லியிருக்கிறாள். அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "பேசாமல் இரு பிள்ளை" என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள் கொப்பியை மேசையில் போட்டுவிட்டு, சாப்பிடாமலே படுத்துவிட்டாள்.

சொந்தக்காரி என்பதால் எழுதுகிறேன் என்று இனிச் சொல்வீர்கள். சொல்லுங்கள். அவளைவிட நன்றாகத் தெரிந்த பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள், நான் முதலாவதாகக் கைதட்டுவேன்.

இரண்டாம் பாதியை மட்டும் இளையவர்களிடம் கொடுங்கள் என்று கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இல்லை, அடுத்த போட்டியை முழுதாகவே கொடுங்கள். ஐயாவுக்கு மாலை போட்டு, முன்வரிசையில் நல்ல கதிரையாகப் போட்டு உட்காரவையுங்கள். அவர் பக்கத்தில் இருந்து பார்க்க நானும் வருகிறேன்.