பூஜ்ஜியத்திலிருந்து ஏன் தொடங்குகிறீர்கள்?

மூன்று நாள் போய்விட்டது. ஒரு பவுண்டிங் பாக்ஸுக்காக, அதாவது எல்லாப் புள்ளிகளையும் அடக்கும் மிகச் சிறிய செவ்வகப் பெட்டிக்காக!

புள்ளிகளின் லிஸ்ட் ஒன்று இருக்கிறது. அதில் சிறிய எக்ஸ், பெரிய எக்ஸ், சிறிய ஒய், பெரிய ஒய் கண்டுபிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. "இதில் என்ன இருக்கிறது" என்று யாரோ ஐந்து நிமிடத்தில் எழுதிவிட்டுப் போன நிரல் எனக்கு வந்து சேர்ந்தது. படம் திரையில் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது, மீதி இடமெல்லாம் காலி. நான் ஜூம் கணக்கைச் சந்தேகப்பட்டேன், வரையும் லைப்ரரியைச் சந்தேகப்பட்டேன். பெட்டியே தப்பாக இருக்கும் என்று கடைசி வரை தோன்றவில்லை.

நான்கு மாறிகளும் பூஜ்ஜியத்தில் தொடங்கியிருந்தன. எக்ஸ் எல்லாம் -80 முதல் -60 வரை என்றால் பெரிய எக்ஸ் என்னவாகும்? எந்த எண்ணும் பூஜ்ஜியத்தைத் தாண்டாது, பூஜ்ஜியமாகவே நிற்கும். 20 அகலமுள்ள பெட்டி 80 அகலமாகிவிடுகிறது. லிஸ்டிலேயே இல்லாத ஒரு புள்ளியை நாமே உள்ளே நுழைத்துவிடுகிறோம். டெஸ்ட்டில் எதிர்மறை எண்ணே இல்லை என்றால் பெரிய எக்ஸ் சரியாக வரும், சிறியது பூஜ்ஜியம் என்று வரும். முதல் புள்ளியே பூஜ்ஜியமாக இருந்ததால் அதுவும் சரி என்று விட்டுவிட்டார்கள்!

சரி, ஜாவா மொழியில் டபுள் என்கிற தசம எண் வகையின் மின் வேல்யூவிலிருந்து (MIN_VALUE) தொடங்கலாம் என்று திருத்தினால் அது இன்னொரு குழி. அது மிகச் சிறிய எதிர்மறை எண் இல்லை. மிகச் சிறிய நேர்மறை எண்: புள்ளிக்குப் பின்னால் 323 பூஜ்ஜியங்கள் தாண்டி வருகிற எண். அதாவது மறுபடியும் பூஜ்ஜியத்தில்தான் நிற்கிறோம். முழு எண் வகையில் அதே பெயர் உண்மையிலேயே அடிமட்ட எதிர்மறை எண்ணைத் தருகிறது. சி ஷார்ப்பில் டபுளுக்கும் அப்படித்தான். ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம் வைத்தவர்கள் மேல் எனக்கு உண்மையாகவே கோபம் வருகிறது. சி பிளஸ் பிளஸ்ஸிலும் இதே வம்பு இருந்துதான் 2011 தரத்தில் லோயஸ்ட் என்று தனியாக ஒன்று சேர்த்தார்கள்.

அப்புறம் அந்த எல்ஸ் இஃப். சிறியதாக இருந்தால் சிறியதில் போடு, இல்லையென்றால் மட்டும் பெரியதா என்று பார். தொடக்க மதிப்புகளைச் சரியாக வைத்தாலும், புள்ளிகள் இறங்குவரிசையில் வந்தால் ஒவ்வொன்றும் முதல் நிபந்தனையிலேயே மாட்டிக்கொள்ளும். பெரிய எக்ஸுக்கு ஒரு மதிப்பும் போய்ச் சேராது. இரண்டு தனித்தனி இஃப் எழுதுவதில் என்ன குறைந்துவிடும்?

முதல் புள்ளியை எடுத்து நான்கு மாறிகளிலும் போட்டு, இரண்டாவதிலிருந்து ஓட்டுங்கள். லிஸ்ட் காலி என்றால் பெட்டி இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பூஜ்ஜியத்துக்குப் பூஜ்ஜியம் என்று ஒரு பொய்ப் பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள், அடுத்த ஆள் அதை நம்பி மேலே கட்டிக்கொண்டே போவார்.

தீர்க்க ரேகை என்றால் இதுவும் போதாது. 180 பாகைக் கோட்டின் இரு பக்கமும் ஃபிஜித் தீவுகள் இருக்கின்றன. கிழக்கு 177-க்கும் மேற்கு 178-க்கும் (மேற்கை எதிர்மறையாக -178 என்று எழுதுவார்கள்) நடுவில் இருப்பது வெறும் 5 பாகை. சிறியது பெரியது பார்க்கிற லூப் 355 பாகைக்கு உலகத்தையே சுற்றி வளைத்துவிடும். 2016-இல் வந்த ஜியோஜேசான் (வரைபடத் தரவை எழுதும் ஒரு வடிவம்) வரையறை இதே ஃபிஜியை உதாரணமாகக் காட்டி, மேற்கு எண் கிழக்கு எண்ணைவிடப் பெரியதாக இருக்கலாம் என்று எழுதியே வைத்திருக்கிறது. எனக்கு வந்த நிரல் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தால் இரண்டு எண்களையும் இடம் மாற்றி "சரிசெய்து" விடுகிறது. நாளைக்கு அதைப் பிரிக்க வேண்டும்.