அலைச் சத்தம் எங்கே?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்கு மேல் வண்டிகளை விடுவதில்லை. மறுநாள் காலை 7.30 மணி வரை அது நடப்பவர்களின் சாலை. எத்தனை ஊருக்கு இப்படி ஒரு கொடை வாய்க்கும்? ஆனால் ஹாரன் ஓய்ந்த இடத்தை ஸ்பீக்கர்கள் பிடித்துக்கொண்டன. காந்தி சிலையருகே ஒரு கூட்டம் கையடக்க ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு போடுகிறது. பத்தடி தள்ளி ஒருவர் கைப்பேசியில் வீடியோ பார்க்கிறார், அதுவும் முழுச் சத்தத்தில். அதை மீறிக் கத்திப் பேசுகிறது பக்கத்துக் குடும்பம். கரும்பாறைகளில் அலை மோதிச் சிதறுவது கண்ணுக்குத் தெரிகிறது, காதுக்கு எட்டவில்லை. கடலைத் தேடி வந்தவர்களுக்கு அதன் குரல் வேண்டாமா?

ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டன. குடியிருப்புப் பகுதியில் பகலுக்கு 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் 45. கேட்பார் யார்?

மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால். வெயில் காலத்தில் அதைக் கடக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மஞ்சள் சுவரையும் காகிதப்பூவையும் படமெடுத்துப் போகிறவர்களுக்கு இது தெரியாது. படத்தில் வாடை வராதே! இங்கே குடியிருப்பவர்களுக்கு ஊர்மேல் உள்ள பிரியம் மூக்கிலும் காதிலும்தான் தேய்கிறது.

கடல் காற்றுக்காகவே மூட்டுவலியோடு நடந்து வந்த என் அம்மா, இப்போதெல்லாம் “இரைச்சல் தாங்கவில்லை, நீ போய் வா” என்கிறார். அதுதான் எனக்கு ஆறவில்லை. பாட்டு கேளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இயர்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள்.