பிறிட்ஜுக்கு மேல இருக்கிற தேங்காய்

(ஸ்காபரோ. 2026 பெப்ரவரி மாசத்து ஞாயிற்றுக்கிழமை, காலமை. வெளியில ஸ்னோ முழங்கால் மட்டும். மருமகன் வாசல் வழிச்சுப்போட்டு மூக்குச் சிவந்து குசினிக்குள்ள வாறார். மாமி புட்டுக்கு மா குழைக்கிறா, கை மாவில, கண் ஐபாட்டில. ஐபாட்டுக்குள்ள புளோரிடா வெயில், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் ரீமின்ர பயிற்சி.)

மாமி: தம்பி, ஜக்கெற் கழட்ட முதல் ஒருக்கா இஞ்ச வாங்கோ. டனீடினில ஜேய்ஸ் பெடியள் பயிற்சி துவங்கீட்டாங்கள். எங்கட விளாடி கொஞ்சம் மெலிஞ்சமாதிரி இல்லையோ?

மருமகன்: மாமி, நான் ஒண்டரை மணித்தியாலமா ஸ்னோ தள்ளிப்போட்டு வாறன். நான் மெலிஞ்சமாதிரி இல்லையோ?

மாமி: (நிமிர்ந்து பாக்காமல்) நீங்கள் எங்க மெலியிறது. அந்தப் பிள்ளை 14 வருசத்துக்கு 500 மில்லியன் எண்டு கையெழுத்துப் போட்டது, அது மெலிஞ்சா எங்களுக்கெல்லோ நட்டம்.

மருமகன்: எங்களுக்கோ? நாங்கள் எப்ப அவருக்குச் சம்பளம் குடுத்தனாங்கள்?

மாமி: மாசாமாசம் இந்த வீட்டு இன்ரநெற் காசு ஆருக்குப் போகுது? ரோஜர்ஸுக்கு. ரீம் ஆற்ற? ரோஜர்ஸின்ர. கிரவுண்டில ஆற்ற பேர் எழுதிக் கிடக்கு? அப்ப கணக்கைப் பாருங்கோ.

மருமகன்: நீங்கள் இன்னும் அதை ஸ்கைடோம் எண்டுதானே சொல்லுறனீங்கள்?

மாமி: அது பழக்கதோசம். கதையை மாத்தாதேங்கோ. இந்த வருசம் கப் எங்களுக்குத்தான்.

மருமகன்: மாமி, பிறகும் துவங்காதேங்கோ. 93க்குப் பிறகு இந்தச் சனம் ஒவ்வொரு பெப்ரவரியும் உதைத்தான் சொல்லுது. நான் கனடா வந்து எத்தினை ஜக்கெற் மாத்திப்போட்டன், உந்த வசனம் மட்டும் மாறேல்லை.

மாமி: போன வருசம் துவங்கேக்க ஆர் நினைச்சது? 2024ல டிவிஷனில கடைசி, 74 வெற்றி. அடுத்த வருசம் 94 வெண்டு முதலாவது. கடைசி வாங்கில இருந்த பிள்ளை முதலாம்பிள்ளை ஆனா அந்த ரிப்போட்டைப் பிறேம் போட்டு மாட்டமாட்டியளோ?

மருமகன்: மாட்டலாம். டொட்ஜேர்ஸ் ரீமோட ஏழு மச் பைனலில, கடைசி மச்சில, ரெண்டே ரெண்டு அவுட் மிச்சம் இருக்கேக்க விட்ட கதையை எங்க மாட்டுறது?

(குசினி அமைதியாகுது. மாமி மாவில இருந்து கையை எடுக்கிறா. உந்த ரெண்டு அவுட் கதை இந்த வீட்டில செத்தவீட்டுக் கதைமாதிரி, ஆரும் சத்தமாச் சொல்லுறேல்லை.)

மாமி: அதைப் பற்றித்தான் நான் உங்களோட கதைக்கோணும் எண்டு இருந்தனான். மூண்டு மாசமா விசாரிச்சுக்கொண்டு வாறன். ஏன் தோத்தது எண்டு கண்டுபிடிக்காம அடுத்த சீசனுக்குள்ள போகக்கூடாது.

மருமகன்: அதில என்ன விசாரணை, ஒன்பதாவது இன்னிங்ஸ், 4க்கு 3 முன்னுக்கு நிக்கிறம், ஒரு அவுட் எடுத்தாச்சு, மிகேல் றோஹாஸ் எண்ட மனிசன், ஹோம் ரன் அடிக்கிறதுக்கு ஆரும் அவரைக் கூப்பிடுறேல்லை, அவர் அடிச்சு 4க்கு 4 ஆக்கினார். பேந்து எங்கட பெடியன் ஹோம் பேஸுக்கு ஓடி வரேக்க ஒரு சப்பாத்து நீளத்தில அவுட். 11ஆவது இன்னிங்ஸில அவங்கட வில் ஸ்மித் அடிச்சார். 5க்கு 4. முடிஞ்சுது.

மாமி: அது நடந்தது. நான் கேக்கிறது காரணம். சூரன்போர் எண்டைக்கு வந்தது?

மருமகன்: என்ன?

மாமி: ஒக்டோபர் 27, திங்கட்கிழமை. நான் கந்தசஷ்டி விரதம். அண்டைக்கு இரவு மூண்டாவது மச். 18 இன்னிங்ஸ்! விடிய மூண்டு மணியாகுது, நான் வெறும் வயித்தோட இருக்கிறன், அந்த டொட்ஜேர்ஸ்கார ஒஹ்தானி சூரன் தலை மாத்தி மாத்தி வாறமாதிரி ரெண்டு டபிள், ரெண்டு ஹோம் ரன், பேந்து பயத்தில அவருக்குப் பந்தே போடாம சும்மா முதலாம் பேஸுக்கு நடக்க விட்டாங்கள், ஒன்பது தரம் பேஸில நிண்டவர். கோயிலில ஆறு நாளில சூரன் விழுந்தான், இஞ்ச விழேல்லை.

மருமகன்: கடைசியா அடிச்சது பிறெடி பிறீமன், ஒஹ்தானி இல்லை.

மாமி: அது சிங்கமுகன். அடுத்த நாள் பாறணை. நான் சாப்பிட்டன். அண்டைக்கு இரவு என்ன நடந்தது? விளாடி ஒஹ்தானியின்ர பந்தையே தூக்கி அடிச்சு 6க்கு 2 வெண்டம். அதுக்கு அடுத்த நாளும் சாப்பிட்டன், அந்தச் சின்னப் பெடியன் யெசாவேஜ் 12 பேரை விழுத்தினவன். அப்ப என்ன விளங்குது?

மருமகன்: நீங்கள் சாப்பிட்டா வெல்லுவம்.

மாமி: ஓம்.

மருமகன்: ஆனா முதலாவது மச் வெள்ளிக்கிழமை, அண்டைக்கும் நீங்கள் விரதம். அண்டைக்கு 11க்கு 4 வெண்டமே. பார்ஜர் நாலு ரன் ஒரே அடியில அடிச்சவர், பதிலுக்கு இறங்கின ஆள் வேர்ல்ட் சீரிஸில அப்பிடி அடிச்சதே அதுதான் முதல்தரம்.

மாமி: (கொஞ்சம் யோசிச்சு) அது முருகன் சும்மா ஆசை காட்டினது. சரி, சாப்பாட்டை விடுங்கோ. அடுத்தது இருப்பு. நாலாவது, அஞ்சாவது மச்சுக்கு நீங்கள் எங்க இருந்தனீங்கள்?

மருமகன்: பேஸ்மென்ட்டில.

மாமி: ஏழாவது மச் துவங்கேக்க?

மருமகன்: பேஸ்மென்ட்டில.

மாமி: ஒன்பதாவது இன்னிங்ஸில?

மருமகன்: ...மேல வந்தனான். எல்லாரும் ஒண்டா இருந்து பாப்பம் எண்டு...

மாமி: ஒண்டா இருந்து பாப்பம். 32 வருசம் காத்திருந்த சனத்துக்கு உங்கட ஒற்றுமை அந்த நேரம்தான் வேணும்.

மருமகன்: நான் படியேறினதுக்கும் றோஹாஸ் அடிச்சதுக்கும் என்ன சம்பந்தம்?

மாமி: நீங்கள் கடைசிப் படியில கால் வைக்கேக்கதான் பந்து போனது. நான் பாத்தனான். சொல்லாம வைச்சிருந்தனான், மருமகன் எல்லோ எண்டு.

(உண்மை என்னெண்டா மருமகன் அதுக்கு முதலே வெளியில போய் கார் ஸ்டார்ட் பண்ணி, கொடியும் கட்டி, ஹோர்ன் அடிக்கப் போற ஆயத்தத்தில நிண்டவர். அதை அவர் இண்டைக்கும் சொல்லப்போறேல்லை.)

மருமகன்: சரி மாமி, பழையதை விடுவம். எங்கட பிஷெட்டும் ரீமை விட்டுப் போட்டார். இந்த வருசம் ஆரை நம்புறது?

மாமி: அந்தப் பேரை எடுக்காதேங்கோ, எனக்கு வயிறு எரியுது. 2019ல இருந்து விளாடியும் அவனும் ஒரு தட்டில சாப்பிட்டு வளந்ததுகள்மாதிரி. முழங்கால் நோவோட வந்து ஏழாவது மச்சில ஒஹ்தானிக்கு மூண்டு ரன் அடிச்ச பிள்ளை. மூண்டு வருசத்துக்கு 126 மில்லியன் எண்டு நியூயோர்க்காரர் கேட்டவுடன போட்டுது.

மருமகன்: 126 மில்லியன் தந்தா நானும் போவன் மாமி.

மாமி: உங்களை ஆர் கேட்டது? பரவாயில்லை, பந்து போடுற டிலன் சீஸ் வந்திருக்கிறார், ஏழு வருசத்துக்கு 210. பேந்து யப்பானில இருந்து ஒகமோட்டோ. அங்கால யமமோட்டோ எண்ட ஒரு யப்பான்காரர்தானே ரெண்டு, ஆறு, ஏழு எண்டு மூண்டு மச்சிலயும் எங்களை முடிச்சது. இப்ப எங்களிட்டயும் ஒரு மோட்டோ இருக்கு.

மருமகன்: இவர் பந்து போடுறேல்லை மாமி, அடிக்கிறவர்.

மாமி: இன்னும் நல்லது. உங்களுக்கு ஞாபகம் இருக்கோ, 2023 டிசம்பரில ஒஹ்தானி பிளேனில ரொறன்ரோ வாறார் எண்டு...

மருமகன்: வேண்டாம் மாமி.

மாமி: வேலையில இருந்து போனில அந்தப் பிளேனையே பாத்துக்கொண்டு இருந்தனீங்களெல்லோ, பியர்சன் எயார்போட்டில வந்து இறங்குது, கதவு திறக்குது, பாத்தா ரீவியில வாற பிஸ்னஸ்காரர் றொபேட் ஹெர்ஜாவெக்! கொழும்பில இருந்து மாப்பிள்ளை வாறார் எண்டு வேன் பிடிச்சுப் போய் நிக்க தரகர் இறங்கி வந்தமாதிரி.

மருமகன்: அண்டைக்கு மத்தியானம் லஞ்ச்சே சாப்பிடேல்லை நான்.

மாமி: அதுதான் அவர் வரேல்லை. சாப்பிட்டிருக்கோணும்.

மருமகன்: (சிரிப்பை அடக்கிக்கொண்டு) எனக்கு எங்கட கேர்க்கில ஒரு நம்பிக்கை இருக்கு.

மாமி: ஓம், நல்ல சாப்பாட்டுக்காரப் பிள்ளை, எங்கட ஆக்கள்மாதிரித் தேகம். கடைசி அடியில பற் தடி முறிஞ்சு ரெண்டு அவுட் ஆகி முடிஞ்சது அவனாலதான் எண்டு சனம் சொல்லேக்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. பள்ளிக்கூடத்தில நான் எல்லே விளையாடினனான், மூங்கில் தடியால. எனக்குத் தெரியும், தடி முறிஞ்சா ஆள் பொறுப்பில்லை. சரி, தேங்காய்ப்பூ முடிஞ்சுது, பிரீசரில பக்கெற் இருக்கோ பாருங்கோ.

மருமகன்: பூ இல்லை மாமி. உதில பிறிட்ஜுக்கு மேல ஒரு தேங்காய் கிடக்கே, உடைக்கட்டோ?

மாமி: தொடாதேங்கோ!! அது நேர்த்தித் தேங்காய்! ஏழாவது மச் முடிய வாசலில அடிக்க எண்டு எடுத்து வைச்சது. வெண்டாத்தான் உடைக்கிறது. நவம்பர் முதலாந்திகதியில இருந்து உதிலதான் இருக்கு. இந்த ஒக்டோபர் மட்டும் இருக்கும்.

(மருமகன் தேங்காயைப் பாக்கிறார். தேங்காய் மருமகனைப் பாக்குது. மூண்டு கண்ணாலயும்.)

மருமகன்: மாமி... ஒண்டு சொன்னாக் கோவிக்கமாட்டியளே?

மாமி: சொல்லுங்கோ.

மருமகன்: உது அது இல்லை.

மாமி: எது எது இல்லை?

மருமகன்: பொங்கலுக்கு முதல் நாள் ஸ்னோவில கடைக்குப் போகேலாமப் போச்சு. நீங்கள் கோயிலுக்குப் போட்டியள். உங்கட மகள் உதை உடைச்சு சம்பல் இடிச்சவ. பேந்து நான் வேற ஒண்டு வாங்கி அதே இடத்தில வைச்சனான்.

மாமி: (கதிரையில இருந்து) அந்தச் சம்பலை ஆர் சாப்பிட்டது?

மருமகன்: எல்லாரும். நீங்கள் ரெண்டாந்தரம் கேட்டுச் சாப்பிட்டனீங்கள். தேங்காய் நல்ல முத்தல் எண்டும் சொன்னனீங்கள்.

(மாமி கனநேரம் கதைக்கேல்லை. ஐபாட்டில ஆரோ பந்து எறியிற சத்தம் மட்டும்.)

மாமி: அப்ப தோத்த தேங்காய் இப்ப எங்களுக்குள்ள.

மருமகன்: ஒரு மாசம் ஆச்சு மாமி.

மாமி: தோசம் அப்பிடிப் போறேல்லை. சரி. முதலாவது மச்சுக்கு சம்பல் சாப்பிட்ட ஒருத்தரும் மேல இருக்கக்கூடாது. எல்லாரும் பேஸ்மென்ட்.

மருமகன்: நீங்களுமோ?

மாமி: நானுந்தான், நான் ரெண்டுதரமெல்லோ சாப்பிட்டனான். பேஸ்மென்ட்டுக்கு என்ர கதிரையைக் கொண்டுபோய் வையுங்கோ.

மருமகன்: அப்ப மேல அந்தப் பெரிய ரீவியை ஆர் பாக்கிறது?

மாமி: தேங்காயை சோபாவில வையுங்கோ. அது பாக்கட்டும்.