இரண்டும் ஒன்றுதான் தம்பி

"இரண்டும் ஒன்றுதான் தம்பி." நேற்றுக் காலை பத்தரை மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள் இந்த வாக்கியத்தைப் பதினொரு முறை கேட்டேன். எண்ணிக்கொண்டேதான் இருந்தேன். இதை எழுதும்போதும் நெற்றிப்பொட்டு தெறிக்கிறது.

அந்தக் கம்ப்யூட்டர் கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் என்பது போதும். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடைதான் இப்படி என்று நினைத்துவிடுவீர்கள். பாளையங்கோட்டையிலும் தென்காசியிலும் நாகர்கோவிலிலும் இதே வாக்கியத்தைக் கேட்டு நொந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் கொடுத்தது, கம்ப்யூட்டருக்கு வேண்டிய பாகங்களை வரிவரியாக எழுதிய ஒரு முழு வெள்ளைத்தாள். அதை எழுதி முடிக்க ஏழு மாதம் ஆயிற்று. சீட்டு எடுத்த பணமும் தீபாவளி போனஸும் சேர்த்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. அந்தப் பணத்துக்குள் உயர்ந்த ரக கேமிங் கம்ப்யூட்டர் வர வேண்டுமென்றால் ஒவ்வொரு வரியும் அடுத்த வரியோடு மல்லுக்கட்டித்தான் தாளில் உட்காரும். பிராசஸரில் ரைசன் 7 வேண்டாம், ஆறு கோர் உள்ள ரைசன் 5 7600 போதும் என்று இறங்கினேன். அதில் மிச்சமானது, திரையில் விளையாட்டை வரைந்து காட்டும் கிராபிக்ஸ் கார்டுக்குப் போனது. பாகங்களை அடைக்கும் கேபினெட்டில் கண்ணாடியும் வேண்டாம், விளக்கும் வேண்டாம், முன்பக்கம் வலை வைத்து, காற்று தாராளமாக உள்ளே போனால் போதும் என்று எழுதினேன். சித்திரை மாதத்தில் அம்பாசமுத்திரத்து மொட்டைமாடி அறையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய மானிட்டரே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். ராம் என்கிற மெமரி முதலில் 32 ஜிபி என்றுதான் எழுதியிருந்தேன். 2025 கடைசியில் விலை ஏறத் தொடங்கியது. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த வியாபாரத்தைவிட்டே விலகுவதாக அறிவித்தது. 32ஐ அடித்துவிட்டு 16 என்று எழுதினேன். அந்த ஒரு கோட்டைக் கிழிக்க எனக்கு இரண்டு நாள் மனம் வரவில்லை.

எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக வைத்திருந்தது எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே இருக்கும் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தருகிற பெட்டி. 650 வாட், 80 பிளஸ் பிரான்ஸ் என்கிற வெண்கலத் தரச் சான்று, கம்பெனி, மாடல் எண், எல்லாம் எழுதி, கீழே "இது கிடைக்காவிட்டால் எனக்கு போன் செய்யவும்" என்று பெரிய எழுத்தில் போட்டு, என் எண்ணையும் எழுதியிருந்தேன். முன்பணம் இருபதாயிரம் கொடுத்தேன். ஒன்பது நாள் கழித்து போன் வந்தது. "பெட்டி ரெடி தம்பி, வந்து எடுத்துக்கொள்ளுங்கள்."

விடுப்புப் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். கடைக்குள் நுழைந்தால் மேசைமேல் ஒரு பெட்டி, கல்யாண வீட்டு வாசல் போலச் சிவப்பும் நீலமும் பச்சையுமாக மின்னிக்கொண்டிருக்கிறது. யாருடையதோ என்று நினைத்தேன். என்னுடையது.

"அண்ணாச்சி, நான் விளக்கு கேட்கவில்லையே?"

"இருக்கட்டும் தம்பி. பார்க்க அழகாக இருக்கிறதல்லவா? அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை."

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. காற்று போக விரல் நுழையும் அளவு இடுக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு பெட்டியைப் பின்பக்கம் திருப்பினேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். வர்ணம் பூசாத தகரம், மஞ்சள் ஸ்டிக்கர், கேள்விப்படாத ஒரு பெயர், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் 450 வாட்.

"இது நான் எழுதிக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் இல்லை அண்ணாச்சி."

"கேபினெட்டோடு வந்தது. புதியதுதான்."

"நான் 650 என்று எழுதியிருந்தேன்."

"450 தாராளம். இரண்டும் ஒன்றுதான் தம்பி."

அதுதான் முதல் முறை. பக்கக் கதவைக் கழற்றச் சொன்னேன். எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஓர் அட்டவணை இருக்கும். கொட்டை எழுத்து நம்மை ஏமாற்ற, பொடி எழுத்துதான் உண்மை. அதில் 12 வோல்ட் வரியில் 16 ஆம்பியர் என்று இருந்தது. பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் தின்பது இந்த 12 வோல்ட் வரியைத்தான். பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். ஸ்டிக்கரே ஒப்புக்கொள்கிற கணக்கு இது. நான் கேட்ட கிராபிக்ஸ் கார்டு 5060 டிஐ; அது மட்டும் 180 வாட் வரை இழுக்கும். பிராசஸர் 7600 முழு வேகத்தில் 88 வாட் வரை போகும். கூட்டினால் 268. மின்விசிறி, மதர்போர்டு எதையும் இன்னும் சேர்க்கவில்லை. 192 தருகிற பெட்டியிடம் 268 கேட்டால் ஒன்று அது அணையும், இல்லையென்றால் கருகும். கருகும்போது கூட இருக்கிற கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு?

பெருக்கல், கூட்டல் எல்லாவற்றையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் காட்டினேன். பார்த்தார். "அதெல்லாம் கணக்கு தம்பி. ஓடுகிறதா இல்லையா, அதைப் பாருங்கள்" என்று சுவிட்சைத் தட்டினார். விண்டோஸ் திரை வந்தது. "ஓடுகிறதல்லவா?" வெறும் வண்டி உருளுவதைக் காட்டி, நெல்மூட்டை ஏற்றினாலும் உருளும் என்று சாதிக்கிறார் மனிதர்.

கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் வயரைத் தடவிக்கொண்டே போனேன். அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கான 8 பின் வயரே இல்லை. பழைய ஹார்டு டிஸ்க்குகளுக்குப் போடுகிற மோலெக்ஸ் முனையில் ஒரு கன்வர்ட்டரைச் செருகி, அதிலிருந்து கார்டுக்கு மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். எனக்குக் கை நடுங்கியது.

"இது உருகிவிடும் அண்ணாச்சி."

"பத்து வருடமாகப் போட்டுக் கொடுக்கிறேன், ஒன்றும் உருகவில்லை."

"அதற்கு 8 பின் வயர் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்தே நேராக வர வேண்டும்."

"நேராக வந்தால் என்ன, சுற்றி வந்தால் என்ன? மின்சாரம் மின்சாரம்தானே. இரண்டும் ஒன்றுதான் தம்பி."

அந்தத் தகரப் பெட்டியைக் கழற்றிக் கையில் வாங்கிப் பார்த்தேன். நல்ல எஸ்எம்பிஎஸ் கையில் எடுத்ததும் கனக்கும். இதற்கு எடையே இல்லை. அரைக்கிலோ அல்வாப் பொட்டலம் இதைவிடக் கனம் என்று அவரிடமே சொன்னேன். அவர் கடைப் பையனிடம் எனக்கு டீ வாங்கி வரச் சொன்னார். டீ! ஒரு மனிதன் ஏழு மாதம் எண்ணி எண்ணிச் சேர்த்ததை அடியோடு மாற்றிவிட்டு, டீ.

திறந்தது திறந்தாயிற்று, மற்றதையும் பார்த்துவிடுவோம் என்று குனிந்தேன். ராம் 8 ஜிபி இரண்டு கேட்டிருந்தேன். 16 ஜிபியில் ஒன்று செருகியிருந்தது. "எட்டும் எட்டும் பதினாறு, இதுவும் பதினாறு" என்றார். இரண்டாகப் போட்டால் பிராசஸருக்கு மெமரியோடு பேச இரண்டு வழி, ஒன்றாகப் போட்டால் ஒரே வழி. விளையாட்டில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். சுலோச்சன முதலியார் பாலத்தில் ஒரு பக்கத்தை அடைத்து வைத்துவிட்டு, பாலம் அதே பாலம்தானே என்று சொன்னால் இந்த ஜங்ஷன்காரர் ஒத்துக்கொள்வாரா?

பிறகு கார்டின் அட்டைப்பெட்டி. 5060 டிஐ. 8 ஜிபி. தாளில் 16 என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தேன். "5060 டிஐ கேட்டீர்கள், 5060 டிஐ கொடுத்திருக்கிறேன்" என்கிறார். இதில் அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. ஒரே பெயரில் இரண்டு பொருளை விற்பது கார்டு உலகத்தில் பழகிப்போன வழக்கம். 3060 என்ற பெயரில் 12 ஜிபி கார்டு 2021இல் வந்தது, அதற்கு மெமரிப் பாதை 192 பிட். பின்னால் அதே 3060 என்ற பெயரில் 8 ஜிபி கார்டு வந்தது, பாதை 128 பிட். அதற்கும் முன்னால் 1060இல் 3 ஜிபி கார்டுக்கு மெமரி மட்டுமா குறைவு, உள்ளே கோர்களும் குறைவு: 1280க்குப் பதில் 1152. பெயர் மட்டும் ஒன்று. பெட்டியின் மூலையில் இருக்கும் ஒற்றை எண்ணைப் பார்க்காதவன் தொலைந்தான். பார்த்து, எழுதி, அடிக்கோடு போட்டுக் கொடுத்த நானும் தொலைந்தேன்.

இதுதான் என்னால் தாங்க முடியாதது. பணம் இருக்கிறவனுக்கு இந்த எழுத்துகள் தேவையில்லை. அவன் இருப்பதிலேயே விலை கூடியதை எடுத்துக்கொண்டு போவான். ஒன்று சரியில்லை என்றால் மாற்றிக்கொள்வான். அளந்து வைத்த பணத்தோடு வருகிறவனுக்குத்தான் 8க்கும் 16க்கும், வெண்கலத்துக்கும் தகரத்துக்கும் உள்ள இடைவெளி உயிர்ப் பிரச்சினை. எங்களைப் போன்றவர்களிடம்தான் வந்து இரண்டும் ஒன்று என்கிறார்கள்.

எல்லாம் ஒன்று என்கிறவரிடம் எப்போது இரண்டு வேறாகும் தெரியுமா? பில் கேட்டேன். "பில் போட்டால் 18 சதவீதம் ஜிஎஸ்டி தனியாக வரும் தம்பி." நான் கொடுப்பதாக ஒப்புக்கொண்ட விலை 16 ஜிபி கார்டுக்கு உரியது, 650 வாட்டுக்கு உரியது. பில் இல்லாவிட்டால் நாளைக்குக் கார்டு செத்தால் வாரண்டிக்கு எதைக் காட்டுவது? "என் முகத்தைப் பார்த்து வாங்குங்கள்" என்றார். கம்பெனி சர்வீஸ் சென்டரில் அவர் முகத்தையா ஸ்கேன் செய்வார்கள்?

அந்த நேரம் பார்த்துக் கடைப் பையன் நல்லெண்ணத்தோடு குறுக்கே வந்தான். "அண்ணே, ஐ7 இருக்கிறது, முப்பதாயிரத்தில் முடித்துவிடலாம்." எந்த ஐ7? இன்டெல் பிராசஸரில் நான்காம் தலைமுறை. 2013இல் வந்தது. யாரோ ஓர் அலுவலகம் கழித்துப் போட்ட பெட்டி. அதில் விண்டோஸ் 11 முறையாக ஏறாது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு இலவச ஆதரவு முடிந்தது. "7 என்றால் 5ஐவிடப் பெரியதுதானே அண்ணே?" என்று கேட்டான். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவர்மேல்தான் கோபம்.

ஆன்லைனில் வாங்கியிருக்கலாமே என்று கேட்காதீர்கள். சென்னை ரிச்சி தெருவுக்குப் போயிருக்கலாமே என்றும் கேட்காதீர்கள். நெல்லை எக்ஸ்பிரஸில் ஓர் இரவு போக, ஓர் இரவு வர, நடுவில் ஒரு நாள் வெயிலில் அலைய எனக்கு விடுப்பு இல்லை. அதைவிட, நம் ஊர்க் கடை பிழைக்கட்டும் என்று மனதார நினைத்துத்தான் போனேன். கல்லூரியில் படிக்கும்போது என் முதல் கீபோர்டை இந்தக் கடையில்தான் வாங்கினேன். அன்றைக்கு இவரே பெட்டியைப் பிரித்து ஒவ்வொரு கட்டையையும் அமுக்கிக் காட்டிக் கொடுத்தார். அந்த மனிதர் எங்கே போனார்?

பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு எழுந்தேன். முன்பணம் வியாழக்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாளைத் திருப்பிக் கேட்டேன், தேடி எடுத்தார்கள். அதன் பின்பக்கம் யாருக்கோ பிரிண்டர் மை விலை எழுதியிருந்தது.

வீட்டுக்கு வந்து மின்விசிறியைப் போட்டால் இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது. இது இன்னொரு கொடுமை. மாலை ஏழு மணியானால் எங்கள் தெருவில் வோல்டேஜ் விழுந்துவிடும். ஸ்டெபிலைசர் இரவெல்லாம் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட்டில் இரண்டு அணு உலைகள் எங்கள் மாவட்டத்தில்தான் ஓடுகின்றன. பணகுடிப் பக்கம் போனால் எந்தத் திசையில் பார்த்தாலும் காற்றாலை. எங்கள் வீட்டு டியூப்லைட் மட்டும் எரியலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. தெருக்கோடி டிரான்ஸ்பார்மர் தாங்கவில்லை, இன்னொன்று வையுங்கள் என்று பதினாறு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்து இரண்டு ஆடி போய்விட்டது. போன வாரம் மின்வாரிய அலுவலகத்துக்கு விசாரிக்கப் போனேன். மீட்டரில் 180 வோல்ட் காட்டுவதைப் படம் எடுத்துக் கொண்டுபோய்க் காட்டினேன். "லைட் எரிகிறதல்லவா சார்?" என்றார் அங்கிருந்தவர். அந்த மனுவின் அடியிலும் என் போன் எண் இருக்கிறது.