சித்தி மக்களை விருந்தினராகப் பார்ப்பதை நிறுத்துவோம்

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்களைப் பற்றிய காணொளிகள் சமூக ஊடகங்களில் அடிக்கடி வலம் வருகின்றன. சுருள்முடியும் கருநிறமும் கொண்ட ஓர் இளைஞர் கன்னடத்திலோ கொங்கணியிலோ சரளமாகப் பேசுவார், பேட்டி எடுப்பவர் வியந்து போவார், "எவ்வளவு அழகாகப் பேசுகிறார்!" என்று பலரும் கீழே பாராட்டி எழுதுவார்கள். அவர்களுடைய நல்லெண்ணத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் தன் வீட்டு மொழியைப் பேசியதற்காக ஒருவரைப் பாராட்ட வேண்டுமென்றால், அவர் இந்த வீட்டைச் சேர்ந்தவரல்லர் என்று முன்னதாகவே முடிவு செய்திருக்க வேண்டும். அந்த முடிவைத்தான் நான் கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். ஆப்பிரிக்க மரபு இந்தியாவுக்கு வெளியிலிருந்து எட்டிப்பார்க்கும் ஒன்று அல்ல. பல நூற்றாண்டுகளாக இந்நாட்டு வரலாற்றின் உள்ளே இருந்து வருவது. இதை மனப்பூர்வமாக ஏற்காதவரை, சித்தி மக்களின் அடையாளம் குறித்து நாம் பேசுவதெல்லாம் வேடிக்கை பார்ப்பதாகவே முடியும்.

மாலிக் அம்பரை எடுத்துக்கொள்வோம். 1548ஆம் ஆண்டளவில் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதிலேயே அடிமையாக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணத்துக்கு வந்து சேர்ந்தவர் அவர். அகமதுநகர் அரசின் அமைச்சரான சிங்கிஸ் கான் அவரை வாங்கினார். அந்த அமைச்சரும் ஆப்பிரிக்க வழியில் வந்தவரே. எஜமானரின் மறைவுக்குப் பின் விடுதலை பெற்ற அம்பர், தனக்கென்று ஒரு படையைத் திரட்டி, 1600ஆம் ஆண்டில் தலைநகரை முகலாயர் கைப்பற்றிய பிறகும் அகமதுநகரின் நிஜாம்ஷாகி அரசை உயிரோடு வைத்திருந்தார். முகலாயரின் பெரும்படையை வெட்டவெளியில் எதிர்கொள்ளாமல், விரைவான குதிரைப்படையைக் கொண்டு அதன் உணவு வழிகளைத் துண்டித்து அலைக்கழித்த அவருடைய போர்முறையில் மராட்டிய வீரர்கள் முதன்மையான பங்கு வகித்தனர். சிவாஜியின் தந்தை ஷாஹாஜியும் பாட்டனார் மாலோஜியும் அந்த அரசில் பணியாற்றியவர்கள்தான். 1610இல் அம்பர் நிறுவிய கட்கி நகரமே பிற்காலத்தில் ஔரங்காபாத் ஆகி, இன்று சத்ரபதி சம்பாஜிநகர் என்று வழங்குகிறது. அந்த நகருக்கு அவர் நிலத்தடிக் கால்வாய்கள் வழியாகத் தண்ணீர் கொண்டுவந்த நஹர் அமைப்பு, அவருக்குப் பின்னும் பல தலைமுறைகளுக்குப் பயன்பட்டது. நிலவரியை ஒழுங்குபடுத்தியதும் அவருடைய ஆட்சியின் குறிப்பிடத்தக்க பணி.

பேரரசர் ஜஹாங்கீரால் இந்த மனிதரைத் தாங்க முடியவில்லை. அபுல் ஹசன் தீட்டிய புகழ்பெற்ற ஓவியமொன்றில், ஈட்டிமுனையில் செருகப்பட்ட அம்பரின் தலையை நோக்கி ஜஹாங்கீர் அம்பெய்கிறார். நடக்கவே நடக்காத காட்சி அது. களத்தில் முடியாததை அரண்மனைத் தூரிகை முடித்துக் காட்டியது. அம்பரோ 1626இல் முதுமையில் இயற்கையாக மறைந்தார். குல்தாபாத்தில் அவருடைய கல்லறை இன்றும் உள்ளது. ஓர் அடிமைச் சிறுவன் தக்காணத்தின் விதியைத் தீர்மானிப்பவராக உயர்ந்த இந்த வரலாற்றுக்கு, முகலாயருக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒரு சிறு பங்கையேனும் நம் பள்ளிப் பாடங்கள் ஒதுக்கியிருந்தால், ஒரு சித்தி மாணவரை "எந்த நாட்டிலிருந்து வந்தாய்?" என்று கேட்கும் வகுப்புத் தோழர்கள் குறைந்திருப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அம்பர் தனி ஒருவரும் அல்லர். மகாராஷ்டிரக் கடலோரத்தில் முருட் அருகேயுள்ள ஜஞ்சிரா தீவுக்கோட்டை, சிவாஜியும் சம்பாஜியும் முயன்றும் கைப்பற்ற முடியாதது; அதை ஆண்ட சித்தி நவாபுகளின் சமஸ்தானம் 1948 வரை நீடித்தது. அகமதாபாத்தில் மரமும் கொடியும் பின்னிப் பிணைந்ததாகக் கல்லில் செதுக்கிய சாளரத்தைக் கொண்ட மசூதி, 1572-73இல் சிதி சையது என்ற ஆப்பிரிக்க வழியினர் கட்டியது. அந்நகரிலுள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் சின்னத்துக்கு மூலம் அந்தச் சாளரமே. நாட்டின் தலைசிறந்த மாணவர்கள் தங்கள் சான்றிதழில் ஓர் ஆப்பிரிக்க இந்தியரின் கொடையைச் சுமந்து செல்கிறார்கள். எத்தனை பேருக்கு அதை யாரேனும் எடுத்துச் சொல்லியிருப்பார்கள்?

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. மன்னர்களையும் தளபதிகளையும் காட்டி மட்டுமே ஒரு சமூகத்தின் மதிப்பை நிறுவ முயல்வது எனக்கு உடன்பாடானதன்று. அம்பர் எத்தியோப்பியர். ஆனால் ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட மரபணு ஆய்வு, இன்றைய சித்தி மக்களின் மரபுவழியில் 60 முதல் 75 விழுக்காடு ஆப்பிரிக்க வழி என்றும், அது ஆப்பிரிக்காவின் நடு, கிழக்கு, தெற்குப் பகுதிகளில் வழங்கும் பாண்டு மொழிகளைப் பேசும் மக்களோடு நெருங்கியது என்றும் காட்டியது. எஞ்சியது இந்தியர்களிடமிருந்தும், ஒருவேளை ஐரோப்பியர்களிடமிருந்தும் வந்து கலந்தது. ஆக, உத்தர கன்னடக் காட்டோரக் கிராமத்தில் வாழும் ஒரு குடும்பத்தின் முன்னோர் தக்காணத்துத் தளபதிகளாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து போர்ச்சுகீசியக் கப்பல்களில் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து தப்பி மேற்குத்தொடர்ச்சி மலைக்காடுகளுக்குள் புகுந்தவர்களாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. அந்தத் தப்பியோடியவர்களுக்குக் கோட்டையும் இல்லை, ஓவியமும் இல்லை. ஆனால் முன்பின் அறியாத காட்டில், மொழி தெரியாத நாட்டில், மனிதராக வாழ்வதற்காக எல்லாவற்றையும் பணயம் வைத்த அவர்களுடைய துணிவு அம்பரின் வெற்றிகளுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. எனக்கு இந்தப் பகுதிதான் இன்னும் பெரிதாகத் தெரிகிறது.

இப்படி வந்தவர்கள் எதைக் காப்பாற்றினார்கள் என்பதைப் பார்க்கும்போது, மரபு என்பது தோலின் நிறத்தில் தானாக இறங்கி வருவது அல்ல, தலைமுறைதோறும் யாரோ உழைத்துக் கைமாற்றுவது என்பது விளங்குகிறது. குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் அருகே குன்றின் மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவோடு நடந்த அகேட் என்னும் கல்மணி வணிகத்தோடு இணைத்துச் சொல்லப்படும் இந்த இறையடியாரையும், அவருடைய சகோதரி மாய் மிஸ்ராவையும் சித்தி மக்கள் தங்கள் முன்னோராகவே போற்றுகிறார்கள். பிற சமூகத்தவரும் நோய் தீரவும் வழக்குத் தீரவும் அங்கே வருகிறார்கள். சித்தி மக்களுடைய வழிபாட்டில் ஒலிக்கும் மலுங்கா, ஒற்றை நரம்பும் சுரைக்குடுவையும் கொண்ட வில் இசைக்கருவி. ஆப்பிரிக்காவிலும், அடிமைக் கப்பல்கள் சென்று சேர்ந்த பிரேசிலிலும் இதன் உறவுக் கருவிகள் உள்ளன. உத்தர கன்னடத்திலோ சித்திப் பெண்கள் பழைய சேலைகளையும் சட்டைகளையும் துண்டு துண்டாக அடுக்கிக் கையால் தைக்கும் கவந்திப் போர்வை இருக்கிறது. அதன் நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைத்தால்தான் போர்வை நிறைவுபெறும். இந்து, இஸ்லாம், கிறிஸ்தவம் என மூன்று சமயங்களில் பிரிந்திருந்தும், முன்னோரை வணங்குவதில் அவர்கள் ஒன்றுபடுகிறார்கள். இவற்றுள் எது ஆப்பிரிக்கா, எது கர்நாடகம், எது குஜராத் என்று பிரித்துக் காட்டச் சொல்வது பொருளற்றது. இந்த மண்ணில் வாழ்ந்துகொண்டே அவர்கள் உருவாக்கியவை இவை. முழுமையாக ஆப்பிரிக்க மரபும் ஆகும், முழுமையாக இந்திய மரபும் ஆகும்.

நாம் அவர்களிடம் எதைக் கண்டோம்? உடலைக் கண்டோம். 1987இல் இந்திய விளையாட்டு ஆணையம் சிறப்புப் பகுதி விளையாட்டுத் திட்டத்தின் கீழ்ச் சித்திக் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி விடுதிகளில் சேர்த்தது. ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் என்பதால் இயல்பாகவே வேகமாக ஓடுவார்கள், ஒலிம்பிக் பதக்கங்களைக் குவிப்பார்கள் என்பதே அதன் அடிப்படை நம்பிக்கை. பல பிள்ளைகள் தேசிய அளவில் வெற்றி பெற்றார்கள் என்பது உண்மை. அது அவர்களுடைய உழைப்பு. ஆனால் 1993இல் திட்டம் நின்றது. வளரும் வயதில் இருந்த பிள்ளைகள் பாதி வழியில் ஊர் திரும்பினார்கள். பதக்கம் தரும்வரை இந்தியர், பதக்கம் தேவைப்படாதபோது காட்டுவாசி என்று ஒரு குழந்தையை நடத்துவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கணக்கும் அறிவியலும் இசையும் சட்டமும் அந்தக் குழந்தைகளுக்கு வாய்க்கக்கூடும் என்று எண்ணி, அதே அளவு ஆர்வத்துடன் திட்டம் தீட்டப்படவில்லை. சுற்றுலா விடுதிகளில் விருந்தினருக்காக ஆடப்படும் தமால் என்னும் சித்தி ஆட்டத்திலும் இதே பார்வையைக் காண்கிறேன். ஆடுபவர்களுக்கு அது வருமானம், அதைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் தர்காவில் முன்னோருக்குச் செலுத்தும் காணிக்கையாகிய ஆட்டம், மேடையில் வெறும் 'ஆப்பிரிக்கக் காட்சி' ஆகும்போது, அதன் பொருளைப் பார்வையாளருக்குச் சொல்லவேண்டிய கடமையை விடுதிக்காரர்கள் எளிதாகத் தட்டிக்கழித்துவிடுகிறார்கள்.

கடலுக்கு அப்பால் இலங்கையில், புத்தளத்தை அடுத்த சிரம்பியடியில் வாழும் காப்பிரியர் நிலையும் இதனோடு ஒப்புநோக்கத் தக்கது. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும் படைவீரர்களாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். போர்ச்சுகீசியக் கலப்புமொழியில் அமைந்த மஞ்சா பாடல்களே அவர்களைத் தனியொரு சமூகமாகப் பிணைத்து வைத்திருக்கின்றன. அந்த மொழியை அன்றாடம் பேசுவோர் அருகிவிட்ட நிலையிலும் பாட்டைக் கைவிடாமல் இருப்பது, அடையாளத்தைத் தாங்களே தேர்ந்து காப்பது என்றே நான் கொள்கிறேன்.

இவையெல்லாம் பண்பாட்டுப் பேச்சாக மட்டும் நின்றுவிடக் கூடாது. ஏனெனில் சித்தி மக்களுக்கு அடையாளம் என்பது சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, வனநில உரிமை ஆகியவற்றோடு சேர்ந்தே வருகிறது. உத்தர கன்னடச் சித்திகள் 2003இல் பட்டியல் பழங்குடியினராக அறிவிக்கப்பட்டார்கள். நாடு விடுதலை பெற்று அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகு. பக்கத்து மாவட்டங்களான பெலகாவியிலும் தார்வாடிலும் வாழும் அதே மக்களுக்கு அந்தத் தகுதி 2020இல்தான் கிடைத்தது. அதே ஆண்டில் சாந்தாராம் சித்தி கர்நாடகச் சட்டமேலவைக்கு நியமிக்கப்பட்டதும், குஜராத்தின் ஜாம்பூர் கிராமத்தில் சித்திப் பெண்களின் முன்னேற்றத்துக்காக உழைத்த ஹீர்பாய் லோபி 2023இல் பத்மஸ்ரீ பெற்றதும் மகிழ்ச்சிக்குரியவை. ஆயினும் குஜராத்தின் பழங்குடிப் பட்டியல் சௌராஷ்டிரப் பகுதி மாவட்டங்களில் வாழும் சித்திகளை மட்டுமே சேர்த்திருக்கிறது. பரூச் மாவட்டம் அதில் இல்லை. பாவா கோர் தர்காவுக்குச் சௌராஷ்டிரத்து ஜாம்பூரிலிருந்து வந்து வணங்கும் சித்தி, சட்டப்படி பழங்குடியினர். அந்தத் தர்காவைத் தலைமுறைகளாகப் பேணி, அதன் அடிவாரத்திலேயே பிறந்து வளரும் சித்தி பழங்குடியினர் அல்லர். ஒரே மரபை மாவட்ட எல்லை பார்த்து ஏற்பதும் மறுப்பதும் நீதியாகாது. பெலகாவிக்கும் தார்வாடுக்கும் நாடாளுமன்றத்தால் செய்ய முடிந்த திருத்தத்தை ரத்தன்பூருக்கும் செய்ய முடியும். அதைக் கேட்கும் குரல் சித்தி மக்களுடையதாக மட்டும் இருக்க வேண்டியதில்லை.